வலையில் தொங்கிய புத்தகங்கள்

புத்தகத்தை மீன் மாதிரி வலையில் தொங்கவிட்டால் பிள்ளைகள் பாய்ந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் மனதார நம்பினேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன், அதுவும் திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தமிழாசிரியன், இதை நம்பினான்.

வாசிப்பு விழாவுக்கு நான் முதலில் யோசித்தவை வேறு. தீப்பெட்டிக்குள் அடங்கும் கதைகள் என்றேன். "தீப்பெட்டிய யாராவது பசங்க கையில குடுப்பாங்களா சார்?" என்றார் தலைமையாசிரியை. ஆலைச் சங்கு ஊதியதும் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றேன். சங்கு கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்றார். கடைசியில் அறையைக் கடலாக்கி வலையில் புத்தகம் தொங்கவிடும் யோசனைக்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"மத்தியானம் வந்து பாப்பேன். புத்தகம் அப்படியே இருந்துச்சுன்னா லைப்ரரி ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. உடைஞ்ச பெஞ்சு போட இடமில்ல."

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா காத்திவாக்கத்தில் மீன் பிடிப்பவர். அவரிடம் வலையை இரவல் வாங்கி, உத்தரத்தில் தாழக் கட்டி, உள்ளே புத்தகங்களைச் செருகினேன். அறை முழுக்கக் கருவாட்டு வாசனை. அதுவும் கலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் வகுப்பு வகுப்பாக வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியேற, மற்றவர்களும் அப்படியே போனார்கள். ஒருவரும் தொடவில்லை. தமிழ்நாட்டில் வாசிப்பு செத்துவிட்டது என்று மனதுக்குள் இரங்கலுரை எழுத ஆரம்பித்தேன். பிறகு, வலையின் மேல்மடிப்பில் ஏதாவது எலிதான் செத்துக் கிடக்கிறதோ என்று ஏணியேறி மோந்து பார்த்தேன். அந்த நிலையில் நான் நின்றபோதுதான் வலைக்காரர் மகளின் வகுப்பு உள்ளே வந்தது.

"ஏம்ப்பா, யாருமே எடுக்க மாட்றீங்க?" என்று மேலிருந்தே கேட்டேன்.

"அது இவ நைனா வலை சார்," என்றான் ஒருவன், அவளைக் காட்டி. "அடுத்தவன் வலையில கை வெச்சா வூட்டாண்ட வந்து சண்ட போடுவாங்க."

"நீயாவது எடேன்மா."

"நைனாவக் கேக்காமயா? நல்லா கீது சார் உங்க ஐடியா! கரையில கொட்டி ஏலம் வுடுங்க, யாரு வேணா எடுப்பாங்க. மொதல்ல எறங்குங்க, வுழுந்து தொலைக்கப் போறீங்க."

இறங்கி, வலையை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். காசுக்குப் பதில் பக்கம் என்று முடிவு செய்தோம். அதிகப் பக்கம் உரக்கப் படிக்க ஒப்புக்கொள்பவருக்குப் புத்தகம். ஏலம் விட்டவள் அவளேதான்.

"வஞ்சிரம் மாரி தடியா கீது பாரு! ரெண்டு பக்கம், ரெண்டு பக்கம்..."

"மூணு!"

"அஞ்சு!"

"போடா டேய், நேத்து ஒரு வரி படிக்கவே திக்குன, இவரு அஞ்சாம்!" என்றாள் ஏலக்காரி.

"அஞ்சுன்னா அஞ்சுதான், குடு இங்க!"

சத்தம் கேட்டு, முன்பு வெளியேறிய வகுப்புகளும் திரும்பி வந்தன.

தலைமையாசிரியை வந்தபோது தரையில் வெறும் வலை கிடந்தது. பிள்ளைகள் வராந்தா நெடுக உட்கார்ந்து, ஏலத்தில் ஒப்புக்கொண்ட பக்கங்களைக் கத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டு, உடைந்த பெஞ்சுகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கச் சொன்னார். அறை இன்றும் நூலகமாகத்தான் இருக்கிறது.