பத்தாவது கட்டம்

என் அப்பா எதையும் சும்மா வாங்கிவிட மாட்டார். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. அங்கே ஒரு பொருளை வாங்குமுன் போட்டியில் இருப்பவற்றைக் கட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடியில் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பேரட்டிவ் ஸ்டேட்மெண்ட் என்று அதற்குப் பெயர். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஃபிரிட்ஜுக்கு அவர் ஸ்டேட்மெண்ட் போட்டு முடிப்பதற்குள் அந்த வருஷத்துக் கோடையே முடிந்துபோனது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அக்காவுக்கு அகமதாபாத்தில் அனிமேஷன் படிக்க இடம் கிடைத்தது. அம்மாவுக்கு அவளை அனுப்ப மனமில்லை.

"பெரிய கம்ப்யூட்டரா வாங்கிக் குடுத்துடுங்க. வீட்லயே உக்காந்து வரையட்டும்" என்றாள் அம்மா.

"எனக்கு லேப்டாப் போதும்ப்பா" என்றாள் அக்கா.

அதன்பிறகு அகமதாபாத் என்ற பெயரை யாரும் எடுக்கவில்லை. லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்றே சண்டை நடந்தது. நான் அம்மா கட்சி. டெஸ்க்டாப் வந்தால் வீட்டோடு இருக்கும், நான் கார் ரேஸ் விளையாடலாம். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

அப்பா சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனார். அனிமேஷனுக்கு கிராஃபிக்ஸ் கார்டுதான் உயிர் என்று அக்கா சொல்லியிருந்தாள். கடைக்காரர் லேப்டாப் கார்டுக்கு ஒன்றும் டெஸ்க்டாப் கார்டுக்கு ஒன்றுமாக இரண்டு விவரத் தாள்களை நீட்டினார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே நம்பர். "ஏகோய் ஜினிஷ், தாதா" என்றார் வங்காளியில். இரண்டும் ஒன்றேதானாம். அப்பா தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரை அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர் அவர். அலுவலகத்துத் தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, சரிபார்த்த கட்டத்தை மட்டும் மையால் எழுதிக்கொண்டே வந்தார். நாலாம் நாள் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார்.

"பேர் ஒண்ணுதாம்மா, மெமரியும் ஒண்ணுதான். ஆனா டேட்டா போற வழி டெஸ்க்டாப்ல நூத்தி இருபத்தெட்டு பிட், லேப்டாப்ல அறுபத்தி நாலு. டபுள் லைன்ல ஓடற வண்டிய சிங்கிள் லைன்ல விட்ட மாதிரி. வேகத்தையும் குறைச்சிருக்கான். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள சூடு தாங்காதுல்ல?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அதே கடையில் அப்பா ஒவ்வொரு கட்டமாகக் கேள்வி கேட்டார். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு ஸ்டூல் போட்டார், கடைசியில் டீ வரவழைத்தார். நீங்கள் இன்ஜினியரா என்று வங்காளியில் கேட்டார். "இல்லை, ஸ்டோர்ஸ்" என்றார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் அப்பாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அன்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஸ்டேட்மெண்ட் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. ஒன்பது கட்டங்களில் ஏழு டெஸ்க்டாப்புக்கு. மெமரி சமம். கரண்ட் கொஞ்சமாகச் செலவாவதில் மட்டும் லேப்டாப் முந்தியிருந்தது. நான் கைதட்டப் போனேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. 'கூடவே எடுத்துப் போக முடியுமா?' டெஸ்க்டாப், முடியாது. லேப்டாப், முடியும். அடியில் பரிந்துரை: லேப்டாப். கையெழுத்து.

அம்மா படித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அக்கா அழுதாள். லேப்டாப் கிடைத்த பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அப்பா, தப்பாப் போட்டிருக்கீங்க. டெஸ்க்டாப்தானே ஜெயிச்சுது?" என்றேன்.

"சில டெண்டர்ல ஒரு ஐட்டம் போதும்டி" என்றார்.

ஹவுராவில் அக்காவை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய அன்று, அந்தத் தாளை மறுபடி எடுத்து ஏழு கட்டங்களையும் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தன. பத்தாவது கட்டம் மட்டும் இன்னும் பென்சிலில் இருந்தது. அழித்து எழுதி, அழித்து எழுதி, அந்த இடத்தில் தாள் தேய்ந்து மறுபக்கம் தெரிந்தது. அலுவலகத்தில் இவ்வளவு மட்டமான தாளையா வாங்குகிறார்கள், அதற்கு அப்பா ஸ்டேட்மெண்ட் போடவில்லையா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.