இரண்டு வெள்ளிக்கிழமைகளும் ஒரு வாய் தண்ணீரும்

என் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே தலைக்கு மேலே நடந்து போனாள். "யப்பா… யப்பா…" என்ற குரல் நன்றாகக் கேட்டது. பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குரல் தூரமாகப் போனது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

சபையாரே, என் வயசு அறுபத்தெட்டு. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் அது கடன் போல என் நெஞ்சிலே கிடக்கும். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்கிறதை நம் சபை செயலாளர் எழுதுகிறார். மெதுவாகத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்தோரு வருஷம் நெல் அவித்தேன், மூட்டை தூக்கினேன். நம் பக்கம் மேடு என்றால் வீராணம் ஏரிக்கரைதான். மலை என்றால் திருவந்திபுரத்துக் குன்று. முதலாளி மகன் கல்யாணத்துக்குப் போனபோது ஏறினேன். பாதிப் படியில் முதலாளியே உட்கார்ந்துவிட்டார், நான் அவர் செருப்பையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். அந்தப் பெருமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

என் மனைவி ரோசம்மா வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருப்பாள். எங்கள் மகள் கிருபா மூன்று வயதில் காய்ச்சலில் பிழைத்ததிலிருந்து அந்தப் பழக்கம். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து, "வெள்ளிக்கெழமைய இனிமே நீதான் பாத்துக்கணும்யா" என்றாள். பார்த்துக்கொண்டேன். ஆறு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை.

கிருபாவின் வீட்டுக்காரர் சாமுக்கு தென் அமெரிக்காவில் பெரு என்கிற நாட்டில் கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம் ஆனி மாசம் என்னையும் அங்கே கூட்டிப்போனார்கள். அங்கே இன்கா ராஜாக்கள் கட்டிய பழைய ஊர் ஒன்று மலை உச்சியில் இடிந்து கிடக்கிறது. மச்சு பிச்சு என்று பெயர். நாலு நாள் நடந்து போக வேண்டும். வழிகாட்ட ஒருவர், சமைக்க ஒருவர், சுமை தூக்க ஏழெட்டுப் பேர் கூட வருவார்கள். கிருபா என்னை ஓட்டலில் இருக்கச் சொன்னாள்.

"மாமா, இது உங்க மில்லு ஏணி இல்ல" என்றார் சாம்.

"போங்க மாப்ள, ஒங்க வயச விட ஜாஸ்தி மூட்டைய ஒரே நாள்ல ஏத்தியிருக்கேன்" என்றேன். சிரித்தார்கள். கூட்டிப்போனார்கள்.

முதல் நாள் வியாழக்கிழமை. பரவாயில்லை, ஆற்றங்கரை வழி. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூடாரத்தில் உட்கார்ந்தோம். சூப்பும் சோறும் வந்தது. என் கையில் இருந்த வாட்ச் கடலூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, மாற்ற எனக்கு மனசு வரவில்லை. பார்த்தேன், காலை ஆறு மணி. கடலூரில் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

எந்த வெள்ளிக்கிழமையைக் கர்த்தர் எண்ணுவார்? நம் ஊர் வெள்ளிக்கிழமையா, இந்த ஊர் வெள்ளிக்கிழமையா? யாரிடம் கேட்பது? எதற்கு வம்பு, இரண்டையும் இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

"வயிறு மந்தமா இருக்கும்மா" என்று மகளிடம் பொய் சொன்னேன். தட்டைத் திரும்பக் கொடுத்தேன். தட்டு வாங்க வந்தவர் சுமை தூக்குகிற ஒரு வயதான ஆள், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். டயர் செருப்பு, காதை மூடிய தொப்பி. தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. மலையிலே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்லி, கிருபா என் பாட்டிலை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செடியில் ஊற்றினேன். சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உபவாசம் இருந்துகொண்டே பெற்ற மகளை ஏமாற்றினேன்.

இரண்டாம் நாள் வழி அப்படியே செங்குத்து. கல்படி, கல்படி, அதற்கு மேலும் கல்படி. போகிற கணவாய்க்குச் செத்த பெண்ணின் கணவாய் என்று பெயராம். மலை ஒரு பெண் மல்லாந்து கிடக்கிற மாதிரி இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று சாம் சொன்னார். எனக்கு ரோசம்மா ஞாபகம் வந்தது. காற்று இருக்கிறது, ஆனால் மூச்சுக்குள் வருவதில்லை. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றேன்.

பாதியில் கிருபாவுக்குத் தலைவலி வந்து வாந்தி எடுத்தாள். வழிகாட்டியும் சாமும் அவளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். "நான் மெள்ளப் போய்க்கினு இருக்கேன், நீங்க வாங்க" என்றேன். பாதை ஒன்றே ஒன்றுதான், அதை விட்டு இறங்காதே என்று வழிகாட்டி கையால் காட்டினார். தலையாட்டிவிட்டுப் போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் மூடுபனி இறங்கியது. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நெஞ்சு அடைத்தது. ஜெபம் பண்ணிவிட்டு ஏறலாம் என்று நினைத்தேன். நடுப்பாதையில் எப்படி முழங்கால் போடுவது, பின்னால் ஆள் வருமே? பாதைக்கு ஓரமாக இறங்கி, தோளில் இருந்த சிவப்புத் துண்டை விரித்து முழங்காலிட்டேன். எங்கே போனாலும் துண்டை விரித்துத்தான் ஜெபம் பண்ணுவேன். எழுந்தபோது தலை சுற்றியது. கால் வழுக்கியது. அவ்வளவுதான்.

எவ்வளவு தூரம் உருண்டேனோ தெரியாது. ஒரு கோரைப் புதர் கையில் மாட்டியது, பிடித்துக்கொண்டேன். கால் மடங்கிக் கிடக்கிறது. கீழே பார்த்தால் வெள்ளைப் பனி மட்டும்தான். அதற்கும் அடியில், ரொம்ப ஆழத்தில், தண்ணீர் ஓடுகிற சத்தம். அசைந்தால் மண் சரிகிறது. கைவிரல் குளிரில் மரத்துப்போய், பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் மகளின் குரல் மேலே வந்தது. நான் முதலில் சொன்னேனே, அந்தக் குரல். பத்தொன்பது மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டை. கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. நான் முன்னால் போய்விட்டேன் என்று நினைத்து அவர்கள் போனார்கள். இடுப்பில் பாட்டில் இருந்தது. காலி. நானே கவிழ்த்தது.

அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. பெரிய ஜெபம் ஒன்றும் எனக்கு ஓடவில்லை. மனசுக்குள்ளே சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, ஒரு வாய் தண்ணி குடு. எம்பொண்ணக் கூப்புடணும்." அதையே சொன்னேன். நூறு தரம் சொல்லியிருப்பேன். புதரின் வேர் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வந்தது.

மேலே கல் உருண்டது. ஒரு முகம் தெரிந்தது. காதை மூடிய தொப்பி. முந்தின நாள் என் தட்டை வாங்கிப் போனவர். பாத்திரம் கழுவிக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் கடைசியாக வருகிறவர் அவர்தான். என் துண்டு பாதை ஓரத்தில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். கிருபா, சாம், வழிகாட்டி மூன்று பேரும் அதைத் தாண்டித்தான் போனார்கள், அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் தலை நிமிர்ந்து என்னைத் தேடிக்கொண்டு போனார்கள். சுமை தூக்குகிறவனுக்குத் தலை நிமிராது, அவன் கண் தரையில்தான் இருக்கும். எனக்குத் தெரியும், நானும் முப்பத்தோரு வருஷம் தரையைப் பார்த்தே நடந்தவன்.

சுமையை இறக்கி, அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, பாறையில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். என் அக்குளில் கயிற்றைப் போட்டார். இழுத்தார். பாதையில் கொண்டுபோய் உட்கார வைத்ததும் பிளாஸ்க்கைத் திறந்து, ஏதோ இலை போட்ட வெந்நீரை மூடியில் ஊற்றி என் வாய்க்குக் கொண்டுவந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையால் தள்ளிவிட்டேன்! வெள்ளிக்கிழமை, இன்னும் ஆறு மணி ஆகவில்லை என்று வானத்தைக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றினார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பவும் மூடியை நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் கொடு என்று கேட்டவன் நான். கொடுத்ததைத் தள்ளுகிறவனும் நான். வாங்கிக் குடித்தேன். ஒரு வாய். தொண்டை திறந்தது.

"கிருபா!" என்று கத்தினேன். மலை முழுக்க அந்தப் பெயர் கேட்டது. அந்த ஆளும் விசில் ஊதினார்.

கிருபா பாதி உயிராக ஓடிவந்தாள். நான் தண்ணீர் கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்ததைச் சொன்னதும் திட்ட ஆரம்பித்தாள். "யாரக் கேட்டு உபவாசம் இருந்த நீ? அதுவும் ரெண்டு ஊரு வெள்ளிக்கெழமையா? அம்மா இருந்திருந்தா ஒன்ன அந்தக் கயித்தாலயே கட்டிப்போட்டிருக்கும்."

"ஒங்கம்மா தண்ணியே குடிக்காதேம்மா…"

"யாரு சொன்னா? நாத்து நடப் போற வெள்ளிக்கெழமைல நீராகாரம் குடிச்சிட்டுதான் போகும். வயல்ல மயங்கி உழுந்தா கர்த்தருக்கா நல்லதுன்னும். நீ மில்லுல இருப்ப, ஒனக்கு எங்க தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

என்னைக் கீழே இறக்கிக் கொண்டுபோனார்கள். ரயிலில் போய்த்தான் அந்தப் பழைய ஊரைப் பார்த்தேன். சுண்ணாம்பு இல்லாமல், கல்லோடு கல் ஒட்டி நிற்கிறது. எல்லாரும் ராஜாவைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்தக் கல்லைத் தூக்கியவர்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிரிகிற அன்று சாம் மூலமாக அவர் பெயரைக் கேட்டு வாங்கினேன். சிப்ரியானோ. என் சிவப்புத் துண்டை அவர் தோளில் போட்டேன். கட்டிக்கொண்டார். இரண்டு பேர் முதுகிலும் ஒரே இடத்தில் காய்ப்பு.

இப்போதும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு இருக்கிறேன். போதகர் ஐயாவிடமும் அந்தப் பொய்யை அறிக்கையிட்டேன். உங்களில் யாராவது கஷ்டத்தை மூடி வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டு இருந்தால், அந்தப் பாட்டிலைச் செடியில் கவிழ்க்காதீர்கள். கர்த்தரிடம் ஒரு வாய் தண்ணீர் என்று கேளுங்கள். கொடுப்பார். யார் கையில் வந்தாலும் தள்ளாமல் வாங்குங்கள்.

அவருக்கே ஸ்தோத்திரம். முழங்கால் போட வேறு துண்டு வாங்கித் தரட்டுமா என்று கிருபா போனில் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெறும் தரையிலேயே போடுகிறேன்.