கட்டிய கை

தொழிற்சாலையில் என் அண்ணிக்கு வெண்கலம் என்று பெயர். பேட்டரிக்கு ஈயத் தகடு அடுக்கும் எங்கள் கூடத்தில் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்பது அவள் தொண்டை ஒன்றுதான். அப்படிப்பட்டவள் அன்று அடக்க ஒடுக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று ரத்தம் எடுக்கும் நாள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்ப்பதோடு சரி, எங்களிடம் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து சூப்பர்வைசர் வந்து, "எல்லாருக்கும் நார்மல்" என்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவருக்கும் நார்மல், மணிக்கட்டு தொங்கிப்போய்ச் சட்டைப் பட்டன் போட முடியாதவருக்கும் நார்மல். அப்படி ஒரு கொடுத்துவைத்த உடம்பு எங்களுக்கு.

அண்ணியின் மகள் இன்னும் பால் மறக்கவில்லை. அம்மா வாசலில் கால் வைத்ததுமே சேலையைப் பிடித்து இழுப்பாள். ரத்தத்தில் ஈயம் அதிகம் இருந்தால் பாலிலும் இறங்கும் என்று வெளியில் ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து அண்ணிக்குச் சாயங்காலம் என்றாலே நரகம். கொடுக்கலாமா, கூடாதா? அளவு என்ன என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

"கை நீட்டும்மா," என்றார் நர்ஸ்.

"போன தடவை எடுத்தீங்களே, அது எவ்வளவு?"

"அதான் நார்மல்னு சொன்னேனே," என்றார் சூப்பர்வைசர்.

"நார்மல்னு ஒரு நம்பர் கிடையாது சார்."

"கை கட்டி நிக்கத் தெரியுது, சொன்னதைக் கேக்கத் தெரியலையா?"

"காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி எவ்வளவோ பேசியிருக்கீங்க, பொறுத்துக்கிட்டோம். ரத்தத்துல இருக்கிற ஈயத்தை மட்டும் எதுக்கு சார் ஒளிச்சு வைக்கிறீங்க? எம் பிள்ளைக்குப் பால் குடுக்கணும். நம்பர் சொன்னா கை நீட்டுறேன்."

வரிசை அசையவில்லை. சூப்பர்வைசர் நர்ஸிடம், "இவளுக்கு மட்டும் மெதுவா சொல்லித் தொலைங்க," என்றார்.

நர்ஸ் அவள் காதோரம் குனிந்தார். "அம்பத்திரெண்டு. ரொம்ப அதிகம்மா. இனிமே பால் குடுக்காதே."

"அம்பத்திரெண்டாம்," என்றாள் அண்ணி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எனக்கு அம்பத்திரெண்டாம். இதுக்குப் பேருதான் நார்மலாம்." பிறகு சொன்னபடி கையை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் பாப்பா பால் புட்டியைத் தட்டிவிட்டுவிட்டு அவள் மேலேயே ஏறினாள். நான்தான் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணி, பால் கட்டி ஈரமான ரவிக்கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாவி, இத்தனை நாளும் குடிக்க வெச்சிட்டானே," என்று அழுதாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் சிரித்த முகமாக வந்தார். "உன்னைப் பேக்கிங்குக்கு மாத்தியாச்சு. இப்ப திருப்தியா?"

"எனக்குச் சரி. என் இடத்துல யாரை உக்கார வைக்கப் போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "உன் நாத்தனார் இருக்காளே. வாம்மா, வந்து உக்காரு."

நான் அண்ணி பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என் நம்பர் எவ்வளவு சார்?"