மூக்கால் சொன்ன அத்தான்

போன வாரம் மூலக்குளத்தில் மகளின் சைக்கிள் பஞ்சர். கடைக்காரர் டியூபைத் தேய்த்து சொல்யூஷன் பூசினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சார், மயக்கமா? உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மயக்கமெல்லாம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு ரெனே என்று ஒரு நண்பன். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் அது 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு. பையன் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். முதல்முதலாக எங்களோடு கிரிக்கெட் ஆட வந்த அன்று, ரன் ஓடின என்னைப் பார்த்து "அத்தான்! அத்தான்!" என்று கத்தினான். பிரெஞ்சில் 'இரு, நில்லு' என்பதற்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு எங்கே தெரியும்? நடுப்பிட்சில் நின்று சிரித்து ரன் அவுட் ஆனேன். "இன்னாடா, உங்க அக்காவக் கட்டிக் குடுக்கப் போறியா?" என்று பசங்கள் உருண்டு சிரித்தார்கள். அவனுக்கு அக்காவே கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து நான் அவனுக்கு அத்தான்தான். மூக்கால் சொன்னால் பிரெஞ்சு, நிற்கச் சொல்கிறான். நாக்கால் சொன்னால் தமிழ், என்னைக் கூப்பிடுகிறான். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அத்துப்படி.

பெரியவர்களாகி நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த சைக்கிள் ஓட்டம் வந்தது. பீச் ரோட்டில் கிளம்பி மகாபலிபுரம் போய்த் திரும்ப வேண்டும், இருநூறு கிலோமீட்டர். பந்தயம் இல்லை. பொழுது சாய்ந்து ஏழரைக்குள் வந்து சேர்ந்தால் மெடல். ரெனேவுக்கு அடுத்த மாதம் பிரான்சுக்கு டிக்கெட் போட்டாயிற்று. டிகிரி பாதி, கிட்டார் பாதி, கராத்தே பாதி என்று விட்டவன். "இவன் ஒண்ணயும் முடிச்சதில்ல" என்று அவன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மனுஷருக்கு மூச்சிரைப்பு வேறு முற்றிக்கொண்டிருந்தது. "போறதுக்குள்ள ஒண்ணயாவது முடிச்சி, அவரு கண்ணால பாக்கணும் அத்தான். நீ கூட இருந்தா முடிச்சிடுவேன்" என்றான்.

பாடங்கள் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டன. கிளம்புமுன் எட்டு இட்லியை சாம்பாரில் குளிப்பாட்டித் தின்னக் கூடாது. புது டிராயரை அன்றைக்கென்று முதன்முதலாகப் போடக் கூடாது. மரக்காணம் போவதற்குள் தொடை உரிந்துவிட்டது. வெயிட்டைக் குறைக்கிறோம் என்று மேதாவிகள் இரண்டு பேரும் செல்போனை வீட்டில் வைத்துவிட்டோம். சாமானையும் பங்கு பிரித்தோம். காற்றடிக்கிற பம்ப் என் சைக்கிளில், சொல்யூஷனும் ஒட்டுகிற ரப்பரும் அவன் பையில்.

திரும்பும்போது தெற்கிலிருந்து எதிர்க்காற்று. மரக்காணம் உப்பளத்துக்கு முன்னால் டீக்கடையில் இளைப்பாறிக்கொண்டிருந்த சென்னைக்காரர்கள் நாலைந்து பேர் எழுந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். எங்களுக்குப் பின்னால் இனி வர யாருமில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று தெரியாது. ஒட்டிக்கொண்டேன். ஆகா, என்ன சுகம்! கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து "அத்தான்!" என்று குரல். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மிதித்தேன். இன்னொரு தடவை, நீளமாக, "அத்தா...ன்!" அதற்கும் கையைத் தூக்கினேன்.

பீச் ரோட்டில் அவன் அப்பா கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க அவன்?"

"வர்றான் அங்கிள், பின்னாலதான்."

மெடலைக் கழுத்தில் போட்டார்கள். மணி ஏழரை ஆயிற்று, தாண்டிற்று. கடைசியில் ஒரு மீன் வண்டி வந்து நின்றது. ரெனே இறங்கி சைக்கிளை இறக்கினான். பஞ்சரான டியூபை ஒட்டிவிட்டுக் காற்றடிக்க வழியில்லாமல் வெயிலில் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறான். வழியில் இருந்த ஒரே பஞ்சர் கடை ஞாயிற்றுக்கிழமை என்று பூட்டிக் கிடந்ததாம். அப்பா அவனைப் பார்த்தார். "நான் சொல்லல?" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

ரெனே என்னிடம் வந்தான். "நான் கூப்ட்டது கேக்கலியா?"

"காத்துடா. நீ சும்மா கூப்புடுறன்னு நெனச்சிட்டேன்."

"சரி, வுடு" என்றான். கூடவே என் பேரைச் சொன்னான். வீட்டில் வைத்த பேரை, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

அவன் பிரான்சுக்குப் போய் அந்த மழைக்காலத்திலேயே அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள்தான் அவனால் வந்து சேர முடிந்தது. சொல்தா வீட்டை விற்றார்கள், இடித்தார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி. நாங்கள் கிரிக்கெட் ஆடின தெருவில் கார்கள் நிற்கின்றன. மெடல் என் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க எனக்கு வெட்கம்.

காற்று அடித்தது வாஸ்தவம்தான். ஆனால் இரண்டாவது தடவை அவன் மூக்கால்தான் சொன்னான். எனக்கு நன்றாகக் கேட்டது.

வருஷப் பிறப்பன்று தவறாமல் போன் பண்ணுவான். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் வாயைத் திறப்பேன். அதற்குள் அவன் என் பேரைச் சொல்லி, "நல்லா இருக்கியா?" என்பான். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவேன்.