டிலே பெடலின் இடம்

தெரணியகலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் நானும் தம்பியும் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் கிட்டார், அவன் பாட்டு. கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை ரப்பர் மரப் பலகையொன்றில் வரிசையாகப் பொருத்தியிருந்தேன். எதிரொலி தரும் டிலே பெடல் மட்டும் வலது ஓரத்தில், அவன் பக்கம் இருக்கும். பாடிக்கொண்டே, வேண்டிய இடத்தில் அவனே அதை மிதிப்பான்.

போன மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின்மேல் மண் சரிந்தது. தம்பி இறந்துபோனான். பலகை நண்பன் வீட்டில் இருந்ததால் தப்பியது.

சில மாதங்கள் கழித்து வரக்காப்பொலையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். போகுமுன் பெடல்களைக் கழற்றி மறுபடி அடுக்கினேன். டிலேயை என் காலருகே நகர்த்தியதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சின்னவன் பக்கமில்ல இருக்கும்?"

"இனிமே நான்தானேம்மா மிதிக்கணும்."

அம்மா எழுந்து போனார்.

கல்யாணத்தில் அவனுடைய பாட்டுகளின் மெட்டை மட்டும் கிட்டாரில் வாசித்தேன். அவன் மிதிக்கும் இடங்களிலெல்லாம் நான் மிதித்தேன். ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்சரிவுக்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "அவன் பாட்டெல்லாம் யாரு பாடுனா?"

"யாரும் பாடலம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அம்மா அழத் தொடங்கினார்.