கிறிஸ்துராஜா நடத்தின மீற்றிங்

நோர்பரிக் கிறிஸ்துராஜாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மன்னாரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பிரான்ஸில் பத்து வருசம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்து, ஒபிஸ் கட்டடங்கள் துப்பரவாக்கும் கொம்பனியில் சேர்ந்து சுப்பவைசரானவர். சுப்பவைசர் வேலையென்றால் அவருக்குச் சத்தம் போடுவதுதான். "உந்த வாளி ஏன் நடுவழியில நிக்குது?" என்று ஒரு மாடியில் நின்று கேட்டால், அடுத்த மாடியில் வாளி நகரும்.

இப்போது சத்தத்தால் முடியாத வேலையொன்று வந்திருந்தது. காலை ஆறு மணி ஷிப்டில் இரண்டு பேர் இனி விடிய நாலு மணிக்கு வரவேண்டுமாம். ஒன்லைனில் மீற்றிங் வைத்து, ஞாயிறு பின்னேரத்துக்குள் அந்த இரண்டு பெயரையும் தரவேண்டும். தராவிட்டால் கொம்பனியே போடும். போன தடவை கொம்பனி போட்டபோது ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூன்று கிழமையில் வேலையை விட்டுப் போனவள். இந்த முறை போகப்போகிறவள் மெற்றில்டா. புருசனில்லாமல் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறவள்.

ஞாயிறு பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டு, மூன்று மணிக்குப் போனைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்தார். முதல் மீற்றிங். திரையில் நாலு கறுத்தப் பெட்டியில் நாலு பெயர். விசயத்தைச் சொல்லி முடித்தார். ஒரு சத்தமில்லை. திரும்பவும் சொன்னார். இல்லை.

"என்ன, எல்லாரும் நித்திரையோ?"

மெற்றில்டாவின் குரல் வந்தது. "நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம் அண்ணை. நீங்கள் முடியுங்கோவன்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கொரோனாக் காலத்திலிருந்து இவர்கள் ஒன்லைனில் கூடுவது பங்குக் கோயில் செபமாலைக்கு மட்டும்தான். அங்கே மைக்கை மூடிவைத்து அடக்கமாக இருப்பதுதான் மரியாதை. செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபிக்கிற முறை, அதாவது 'பத்துமணி', வந்தவர்தான் வாய் திறப்பார்.

"சரி, செபமாலை மாதிரியே வைப்பம். ஆளுக்கொரு பத்துமணி. கூப்பிட்ட ஆள் மட்டும் கதைக்கவேணும். நாலு மணிக்கு வர ஏலுமோ, ஏலாதோ, ஏன் எண்டும் சொல்லவேணும். கிளின்ரன்!"

"முதல்ல பாட்டொண்டு படிக்கவேண்டாமோ அண்ணை?"

"விசரா, கேட்டதுக்குச் சொல்லு."

"ஏலாது அண்ணை. இரவு பன்னிரண்டு வரைக்கும் பெற்றோல் செட்டில வேலைக்கு நிக்கிறன்."

டயனாவும் ஏலாதென்றாள்; விடிய எழும்பி மாமிக்கு இன்சுலின் போட்டு, சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறவள். அடுத்தது மெற்றில்டா. "ஆறு மணியெண்டால் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையளோட வந்து நிப்பா. நாலுக்கு அவவை எழுப்ப ஏலாது. ஆனா கொம்பனி போட்டால் வரத்தானே வேணும்."

கடைசி ஆள் பேதுருப்பிள்ளை. ஆறு வருசத்தில் "ஓம்" என்பதற்கு மேல் பேசாதவர்.

"எனக்கு நாலு நல்லம். மனுசி போனதிலிருந்து ரெண்டு மணிக்கே முழிப்பு வந்திடும். சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

அந்த மனுசியின் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் கிறிஸ்துராஜாவும் ஒருவர். அதற்குப்பிறகு தினமும் பேதுருப்பிள்ளையைக் கண்டிருக்கிறார். வாளியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். நித்திரை வருகிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. இந்த நாலு பேரையும் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லித்தான் பழக்கம்.

பேதுருப்பிள்ளையின் பெயரைத் தாளில் எழுதினார். இன்னொரு பெயர் வேணும்.

"அண்ணை," என்றாள் டயனா, "உங்கட பத்துமணி இன்னும் வரேல்லை."

"நானோ? நான் சுப்பவைசரெல்லோ!"

"ஏலுமோ, ஏலாதோ, ஏன் எண்டும் சொல்லவேணும்," என்றான் கிளின்ரன்.

முழங்கால் நோவைச் சொல்லலாமென்று வாய்வரைக்கும் வந்தது. நாலு மணிக்கு நோகிற கால் ஆறு மணிக்கும் நோகும்தானே.

"ஏலும்," என்றார். "விருப்பமில்லை. ஆனா ஏலும்."

"பேதுருவண்ணை, காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கோ!" என்றான் கிளின்ரன்.

பேதுருப்பிள்ளை சிரித்தது கேட்டது. கிறிஸ்துராஜா தன் பெயரை இரண்டாவதாக எழுதி, தாளைப் படமெடுத்து ஒபிசுக்கு அனுப்பினார்.

"மெற்றில்டா, நீ ஆறுக்கே வா. பிந்தாதை."

"ஓம் அண்ணை," என்றாள் மெற்றில்டா.