சுவரேறிய குகன் அண்ணை

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தவம் அண்ணையின் சலூன் சுவரில் எங்கள் கிரிக்கெட் கிளப்பின் பெருந்தலைகள் படமாகத் தொங்குகிறார்கள். எல்லாரும் ரன் அடித்த துடுப்போடு.

களத்தில் பாய்ந்து பந்து மறிப்பதில் மன்னனான குகன் அண்ணைக்கு அங்கே இடமுண்டா என்பது மூன்று வருடச் சண்டை.

"அவன் அடிச்ச ரன் எத்தினை?" என்பார் தவம் அண்ணை.

"அவர் மறிச்ச ரன் எத்தினை?" என்பேன் நான்.

இன்று போனால், குகன் அண்ணை சுவரில். மைதானப் படங்களில் பாய்ந்துகொண்டே இருப்பதால் முகம் தெளிவில்லையாம். அதனால் மாலையும் கழுத்துமாகக் கல்யாணப் படம்.

முடி வெட்ட வந்த, எங்களைத் தெரியாத பொபினி ஊர்க்காரர் ஒருவர் மாலையைப் பார்த்து, "பாவம், எப்ப காலமானவர்?" என்றார்.

தவம் அண்ணை படத்தைக் கழற்றப் போனார். பின்னால் காத்திருந்த குகன் அண்ணை பாய்ந்து மறித்தார்.

"இருக்கட்டும் அண்ணை. கழட்டினா திருப்பிக் கொழுவ மாட்டியள்."

ரன் அடிக்காதவர்கள் உயிரோடு சுவரேற வழி தெரிந்தால் சொல்லுங்கள்.